வாயிற்காப்போனும் நீதிபதியும்



அரசியல் நியாயஸ்தலத்தின் உள்ளே நுழையலாகாது என்பது நாம் இளமை முதல் கேட்டுப் பழகிய தர்மம். ஆயினும் அந்த நியாயஸ்தலத்தைக் கட்டுவது யார், அதன் கதவை எவருக்குத் திறப்பது, எவரைக் கூண்டில் ஏற்றுவது, மாண்டவர்களுள் எவருடைய மரணத்தை வழக்காக எடுத்துக்கொள்வது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை சொல்லி முடித்துவிட்டு, அதன்பின் மிகுந்த மரியாதையோடு வெளியே ஒதுங்கி நின்றுகொள்வதும் அதே அரசியல்தான் என்பதை நமக்கு யாரும் அத்துணை விரிவாகச் சொல்லித் தருவதில்லை. உள்ளே நீதிபதி அமர்ந்திருக்கிறார்; வாயிலில் அரசியல் காவல் நிற்கிறது. சர்வதேசக் குற்றவியல் சட்டத்தைப் பற்றி நான் இன்று சொல்லக்கூடியதெல்லாம் இந்த வாயிற்காப்போனைப் பற்றித்தான்.

சர்வதேச நீதிமன்றங்கள் அமர்ந்திருக்கும் ஹேக் நகரத்து விவகாரத்தைச் சேலத்தில் பேசுவானேன் என்று ஒருவர் கேட்கக்கூடும். இவ்வூர் அதற்கு அந்நியமானதன்று. 1882ஆம் ஆண்டு இங்கே ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்குமிடையே பெருங்கலகம் மூண்டபோது, நகரசபை அங்கத்தினராயிருந்த முப்பது வயது வக்கீல் ஒருவர், பிற்காலத்தில் 1920ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார்தான் அவர், கலகத்தைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பெற்றுப் பத்தாண்டுத் தண்டனைக்கு ஆளானார். அதிகாரிகளுக்கு அடங்காத ஓர் இளைஞரை ஒடுக்க அந்தச் சந்தர்ப்பம் பயன்பட்டது என்று அக்காலத்தில் பலரும் கருதினர். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியத்தைச் சல்லடையிலிட்டுப் பார்த்து அவரை விடுவித்தது. பறிக்கப்பட்ட நகரசபை ஸ்தானத்துக்காக அவர் சர்க்காரின்மேலேயே வழக்காடி ஸ்தானத்தையும் மீட்டு, நூறு ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். கீழே ஒரு நீதிமன்றம் தவறினால் மேலே ஒன்று உண்டு என்ற இந்த நம்பிக்கையே உள்நாட்டுச் சட்டத்தின் முதுகெலும்பு. தேசங்களுக்கிடையே அந்த மேல்நீதிமன்றம் இல்லை; அவ்விடத்தில் இருப்பவை வல்லரசுகளும் அவற்றின் வாக்குகளுமே. ஆகவே சேலத்துக் கலக வழக்கில் வந்துபோன விருந்தாளியாயிருந்த அரசியல், ஹேக் வழக்குகளில் நிரந்தரக் குடித்தனக்காரனாய் இருக்கிறது.

இச்சட்டத்தின் பிறப்பையே பாருங்கள். நாஜித் தலைவர்களை விசாரிப்பதற்கான நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் சாசனம் 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி லண்டனில் கையெழுத்தாயிற்று. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவின்மேலும், 9ஆம் தேதி நாகசாகியின்மேலும் அணுகுண்டு விழுந்தது. இரண்டு குண்டுகளுக்கு இடைப்பட்ட ஒரு நாளில், குடிமக்களைக் காரணமின்றி அழிப்பது குற்றம் என்று உலகுக்கு அறிவிக்கும் பத்திரத்தில் மை உலர்ந்துகொண்டிருந்தது. தேதிகளுக்கு இங்கே வியாக்கியானம் தேவையில்லை.

டோக்கியோ விசாரணை இன்னும் தெளிவானது. 1946 மே முதல் 1948 நவம்பர் வரை நடந்த அவ்விசாரணையில் பதினொரு நாடுகளின் நீதிபதிகள் அமர்ந்தார்கள். முதலில் இந்தியாவுக்கு அந்த ஆசனத்தில் இடமில்லை. சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்ட ஒன்பது நாடுகளுக்கே இடம் என்றிருந்தது பின்னர்த் திருத்தப்பட்டு, இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்க்கப்பட்டன. இவ்வாறு சென்றவர் கல்கத்தாவின் ராதாவினோத் பால். பிராசிக்யூஷன் தரப்பில் நம் மாகாணத்திலிருந்து சென்றவர் பி. கோவிந்த மேனன்; அவர் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தார். ஒரே தேசத்திலிருந்து சென்ற இருவருள் ஒருவர் குற்றத்தை நிரூபிக்கும் தரப்பில் நிற்க, மற்றவர் பிரதிவாதிகள் அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்று ஆயிரத்திருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட மாறுபட்ட தீர்ப்பெழுதினார் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

பால் என்ன சொன்னார் என்பதில் இன்றும் குழப்பம் நிலவுகிறது. ஜப்பானியப் படைகள் கொடுமை செய்யவில்லை என்று அவர் எழுதவில்லை; கொடுமைகளுக்கான சாட்சியம் மிகுதி என்றே ஒப்புக்கொண்டார். போர் தொடுப்பது குற்றம் என்ற சட்டம் போர் தொடுக்கப்பட்ட நாளில் இருந்ததா, வென்றவன் தோற்றவனுக்கென்று சட்டம் இயற்றி அவனையே அதன்கீழ் விசாரிப்பது நியாயமா, அணுகுண்டு போட்டவனை விசாரிப்பது எப்போது என்பவையே அவர் எழுப்பிய வினாக்கள். அவை கூர்மையானவை. ஆனால் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ கூண்டேற்றப்படாததற்கும், மஞ்சூரியாவில் உயிருள்ள மனிதர்மேல் நோய்க்கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவினரின் தலைவன் இஷீ ஷிரோ தன் ஆராய்ச்சிக் குறிப்புகளை அமெரிக்கருக்குக் கொடுத்துத் தப்பியதற்கும் காரணம், தீர்ப்பெழுதிய நீதிபதிகள் அல்லர். வாயிலில் நின்ற அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரின் ஆக்கிரமிப்பு நிர்வாகமே. பாலின் தீர்ப்புக்கு நேர்ந்த கதி அதைவிட நகைப்புக்குரியது. அரசியல் கலந்த நியாயத்தைக் கண்டித்து எழுதிய அத்தீர்ப்பையே ஜப்பானிய வலதுசாரிகள் தங்கள் அரசியல் ஆயுதமாக ஏந்திக்கொண்டு, 2005ஆம் ஆண்டு யசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள்.

இவ்விடத்தில் நம் சீமைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சேலம், திருச்சி, வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நிறைந்திருந்தன. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, தோட்டத்து ஆண்கள் லாரி லாரியாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல பதினாயிரவரைத் தின்றன. போர்க்கைதிகளான நேசநாட்டுச் சிப்பாய்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குக் காஞ்சனாபுரியில் மட்டும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத் தமிழருக்கு அப்படியொரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை. டோக்கியோத் தீர்ப்பில் ஆசியக் கூலிகளைப் பற்றிய பிரஸ்தாபம் இல்லாமலில்லை. ஆனால் வழக்கின் கனமெல்லாம் வெள்ளைக்காரக் கைதிகளின் துயரத்தின்மேலேயே விழுந்தது. இதற்கு நீதிபதிகளின் இனவெறுப்பைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. தம் சிப்பாய்களின் சாவுக்கு வழக்குத் தொடுக்க லண்டனில் ஓர் அரசாங்கம் இருந்தது, கான்பெராவில் ஓர் அரசாங்கம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக் கூலியின் சாவுக்கு வழக்குத் தொடுக்க எந்த அரசாங்கமும் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1998ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி ரோம் நகரில் நிரந்தரமான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் 120 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தவை ஏழு, நடுநிலை வகித்தவை இருபத்தொன்று. இந்தியா நடுநிலை வகித்த கூட்டத்தில் நின்றது. அப்போது மத்திய சட்ட அமைச்சராயிருந்தவர் பழைய சேலம் ஜில்லாவின் எல்லைக்குள் பிறந்த தம்பிதுரை அவர்கள். முடிவு வெளியுறவு இலாகாவினுடையதாதலின் அவரைக் குறைகூறும் நோக்கத்தோடு இதைச் சொல்லவில்லை. இந்தியா எடுத்துரைத்த ஆட்சேபங்கள் அற்பமானவையும் அல்ல. பாதுகாப்புச் சபைக்கு வழக்கை அனுப்பவும் நிறுத்திவைக்கவும் அதிகாரம் கொடுத்தால், சாசனத்தில் சேராத வல்லரசுகள் பிறரை மட்டும் கூண்டேற்றும் என்றது இந்தியா. அணு ஆயுதத்தைத் தடைப்பட்ட ஆயுதமாகச் சேர்க்காதது ஏன் என்று கேட்டது. பொக்ரான் சோதனை நடந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது என்பதை நினைத்தால் இந்தக் கேள்வியில் சிறிது நகைச்சுவையும் உண்டு. உள்நாட்டுக் கலகங்களில் நடப்பவற்றையும் யுத்தக் குற்றமாகக் கொள்வதை எதிர்த்தது. கடைசி ஆட்சேபத்தின் பின்னே காஷ்மீரமும் வடகிழக்கும் நின்றன. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப் படை புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் சுட்ட நினைவும் எங்கோ நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பாதுகாப்புச் சபையைப் பற்றிய அந்த ஆட்சேபம் சரியே என்பதைப் பின்வந்த ஆண்டுகள் நிரூபித்தன. 2005இல் சூடானின் டார்ஃபூரும், 2011இல் லிபியாவும் அந்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டன. 2014இல் சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் தம் தடை வாக்கால் வீழ்த்தின. ஆனால் லிபியாவை ஹேக்குக்கு அனுப்பிய 2011 பிப்ரவரித் தீர்மானத்துக்கு, அன்று பாதுகாப்புச் சபையில் அமர்ந்திருந்த இந்தியாவும் ஆதரவாகக் கைதூக்கிற்று. தான் சேராத நீதிமன்றத்துக்கு, தான் ஆட்சேபித்த அதே அதிகாரத்தைக் கொண்டு, மற்றொரு நாட்டை அனுப்பிற்று. அந்நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்த சூடான் அதிபர் அல்பஷீர் 2015 அக்டோபரில் டில்லி மாநாட்டுக்கு வந்தபோது விருந்தாளியாக வரவேற்றது. சட்டப்படி இரண்டிலும் பிழையில்லை. சட்டப்படி பிழையில்லாத காரியங்கள் சேர்ந்து எத்தகைய முகத்தை உண்டாக்குகின்றன என்பதைச் சட்ட மாணவர்கள் சற்றே யோசிக்கவேண்டும்.

இந்த முகம் தமிழருக்கு ஏன் முக்கியமென்றால், இலங்கை யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்காலுக்கும் ஹேக்குக்கும் இடையிலுள்ள கதவு இந்தியாவின் கையிலும் ஒரு பக்கம் இருக்கிறது. இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. ஆதலால் 2009இல் அங்கே நடந்தவை நேரடியாக அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாரா. மியன்மாரும் சேராத நாடுதான். எனினும் 2018 செப்டம்பரில் அந்நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லிற்று: ரோஹிங்யாக்களைத் துரத்திய செயல் மியன்மாரில் தொடங்கினாலும், அவர்கள் எல்லை தாண்டி வங்கதேசத்தில் காலெடுத்து வைத்தபோதுதான் நாடு கடத்தல் என்னும் குற்றம் பூர்த்தியாகிறது, வங்கதேசம் சாசனத்தில் சேர்ந்த நாடு, ஆகவே அக்குற்றத்தை விசாரிக்கலாம். மறு ஆண்டே விசாரணைக்கு அனுமதியும் கிடைத்தது.

இப்போது தலைமன்னாரிலிருந்து படகேறி, தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமில் பதிவாகி, அங்கிருந்து நம் ஜில்லாக்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். குருக்குப்பட்டியிலும் நாகியம்பட்டியிலும் பரமத்தியிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். ஆண்கள் விடிவதற்குள் பெயிண்டு வேலைக்கு டப்பாவும் பிரஷுமாகப் புறப்பட்டுவிடுவார்கள். செக்கிங் நாளில் மட்டும் எங்கிருந்தாலும் திரும்பிவந்து வருவாய்த் துறையாரின் முன் தலையைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் மாதப் பணக்கொடையில் பெயர் விழாது. 2021ஆம் ஆண்டு இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறிற்று. மாநிலம் முழுதும் 58,000க்கு மேற்பட்டோர் அப்போது அவற்றில் இருந்தனர். இவர்களில் 1980களிலும் 90களிலும் வந்தோர் பலர். அவர்கள் காலம் நீதிமன்றத்தின் கால எல்லைக்கு முந்தியது. ஆனால் 2006 முதல் 2009 வரையிலான கடைசி யுத்தத்தில் துரத்தப்பட்டு வந்தவர்களின் வழக்கு, வங்கதேசத்துக் காக்ஸ் பஜாரில் கூடாரமடித்திருக்கும் ரோஹிங்யாவின் வழக்கிலிருந்து எவ்வகையில் வேறு? அவன் கரையேறிய மண் சாசனத்தில் சேர்ந்தது. இவர் கரையேறிய மண் சேராதது. ஒரே கடல், ஒரே வகைத் துன்பம். வித்தியாசம் கரையேறிய இடத்தின் வெளியுறவுக் கொள்கையில்.

இப்போதும் கதவு முற்றாக அடைபடவில்லை என்பதைச் சட்டம் அறிந்தோர் அறிவர். சாசனத்தின் 12ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவின்படி, உறுப்பினராகாத நாடுகூட ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும், 2002 ஜூலை முதல் நடந்தவற்றுக்கு, நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகப் பிரகடனம் செய்யலாம். உக்ரேன் செய்தது. இந்தியாவும் செய்யலாம். செய்யாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அப்பிரகடனம் செய்த நாளிலிருந்து தன் மண்ணில் நடந்தவற்றின்மேலும் ஒரு கண் விழக்கூடும் என்ற அச்சம் டில்லிக்கு உண்டு. அந்த அச்சத்தைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் ஒருநாளும் நேருக்கு நேர் எதிர்கொண்டதில்லை.

கட்சிகளைச் சொன்னதால் ஜெனீவாவைச் சொல்லவேண்டியிருக்கிறது. யுத்தம் முடிந்து ஒன்பதாம் நாளாகிய 2009 மே 27ஆம் தேதி, மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டும் தொனியிலமைந்த தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்தவர்களுள் இந்தியாவும் ஒன்று. மறுநாள் மே 28ஆம் தேதி டில்லியில் தி.மு.க. அமைச்சர்கள் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்கள். அவ்வாண்டு ஜனவரியில், யுத்தமென்றால் ஜனங்கள் மாள்வது இயல்பு என்ற பொருள்பட அறிக்கை விட்ட அ.தி.மு.க. தலைவி, தேர்தல் நெருங்கிய ஏப்ரலில் தனி ஈழமே தீர்வு என்றார். 2012இலும் 2013இலும் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2013 மார்ச் 19இல் தி.மு.க. கூட்டணியை விட்டு விலகியதும், கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்ததும், சட்டசபை ஈழத்தமிழரிடையே பொதுவாக்கெடுப்புக் கோரித் தீர்மானம் போட்டதும் அந்த மாதத்தில்தான். 2014இல் சர்வதேச விசாரணையே வேண்டும் என்ற, முன்னவற்றைவிட வலுவான தீர்மானம் வந்தபோது இந்தியா நடுநிலை வகித்தது. 2021இலும் 2022இலும் அப்படியே. சொல்லில் வெப்பமிருந்த காலத்தில் ஆதரவும், செயலில் கூர்மை வந்த காலத்தில் நடுநிலையும் என்று இதைச் சுருக்கிச் சொன்னால் டில்லி நண்பர்கள் கோபிக்கலாம். ஆனால் வாக்குப் பதிவேடு அவ்வாறுதான் படிக்கிறது.

நம் தரப்பிலும் ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசினால் இம்மேடைக்குத் துரோகம் செய்தவனாவேன். ஐக்கிய நாடுகளின் விசாரணை அறிக்கைகள் அரசாங்கப் படைகள் ஆஸ்பத்திரிகள்மேலும் பாதுகாப்பு வலயங்கள்மேலும் குண்டு பொழிந்ததை விரித்துச் சொல்வதோடு நிற்கவில்லை. விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும், தப்பியோட முயன்ற ஜனங்களைத் தடுத்துச் சுட்டதையும் எழுதியிருக்கின்றன. நம் மேடைகளில் முதற்பாதி மட்டுமே வாசிக்கப்படுகிறது. பாரபட்சமற்ற நீதிமன்றம் வேண்டும் என்று கோருகிறவன், அறிக்கையைப் பாதியில் மூடிவைத்தால் எதிராளி அதையே பற்றிக்கொள்வான், பற்றிக்கொண்டும் இருக்கிறான். முகாமிலுள்ள தாய்மாருக்கு இந்தக் கூச்சமில்லை. பிள்ளையை ஷெல்லுக்குப் பறிகொடுத்தவளும், பிள்ளையை இயக்கம் பிடித்துக்கொண்டு போனதென்று அழுபவளும் அங்கே ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

சர்வதேச விசாரணை எதற்கு, எங்கள் நீதிமன்றங்கள் போதாவா என்று கொழும்பு கேட்கும்போது, மிருசுவிலைச் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி, இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துவர யாழ்ப்பாணத்து மிருசுவிலுக்குப் போனார்கள். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கழுத்தறுக்கப்பட்டுக் குழியில் புதைக்கப்பட்டார்கள். ஒருவர் தப்பிப் பிழைத்து வந்து சொன்னதால் வழக்கு எழுந்தது. பதினான்கு ஆண்டுக்குப் பின், 2015 ஜூனில், சுனில் ரத்நாயக்க என்னும் ராணுவ சார்ஜெண்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்தது. சிங்கள நீதிபதிகள் தமிழ்ச் சாட்சியத்தை நம்பித் தீர்ப்பெழுதினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. 2020 மார்ச் 26ஆம் தேதி, உலகமே தொற்றுநோய்க்கு அஞ்சிக் கதவடைத்துக்கொண்டிருந்த வாரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவனுக்கு மன்னிப்பு வழங்கி விடுவித்தார். இருபதாண்டு வழக்கின் பலன் ஒரு கையெழுத்தில் போயிற்று. வாயிற்காப்போன் உள்ளே விடாமல் தடுப்பதோடு நில்லான், உள்ளே தண்டிக்கப்பட்டவனைப் பின்வாசலால் அனுப்பியும் வைப்பான்.

ஆனால் அதே காவலன் சில நேரம் எதிர்பாராத வகையில் கதவைத் திறக்கிறான். ரத்நாயக்கவின் பெயரை 2023 ஜனவரியில் கனடா தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. ராஜபக்ச சகோதரர் இருவரும் அதே பட்டியலில். கனடாவில் வாழும் ஈழத்தமிழரின் வாக்கு இல்லாவிடில் அப்பட்டியல் பிறந்திராது. 2025 மார்ச்சில் பிரிட்டன் தடைவிதித்த நால்வருள் மூவர் படைத் தளபதிகள். நாலாமவர் புலிகளிலிருந்து பிரிந்து அரசோடு சேர்ந்த கருணா. அதே மாதம் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டே கைதாகி ஹேக்குக்கு அனுப்பப்பட்டார். சாசனத்திலிருந்து நாட்டையே விலக்கிக்கொண்டவர் அவர். அவரை அனுப்பியது உலக மனச்சாட்சியா என்றால், பெரும்பங்கு மார்கோஸ் குடும்பத்துக்கும் டுடெர்டே குடும்பத்துக்கும் இடையே மூண்ட பகைக்குச் சேரும். போதைப்பொருள் வேட்டை என்ற பேரில் கொல்லப்பட்டவர்களின் தாய்மார், அந்தப் பகை மூளும் நாள் வரைக்கும் பெயர்களையும் தேதிகளையும் சேர்த்து வைத்திருந்தார்கள். பகை மூண்ட அன்று கைவசம் ஆதாரம் இருந்தது. ஆகவே, இதெல்லாம் வெறும் அரசியல் என்று கையுதறிப் போவோரோடு எனக்கு உடன்பாடில்லை; அந்தச் சொல்லைப் பெரும்பாலும் முதலில் உதிர்ப்பவன் பிரதிவாதியே.

ஜெனீவாவில் 2021ஆம் ஆண்டின் தீர்மானப்படி இலங்கை பற்றிய ஆதாரங்களைத் திரட்டிப் பேணும் ஒரு பிரிவு மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் இயங்குகிறது. 2025 அக்டோபரில் அதன் ஆயுள் மேலும் நீட்டிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில், 1998இல் மரண தண்டனை பெற்ற ஒரு சிப்பாய் நூற்றுக்கணக்கான சடலங்கள் புதைக்கப்பட்டதாகச் சொன்ன ஊரில், 2025இல் மயானத்தைத் தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த அலுவலகத்துக்கு வேண்டியது கண்ணால் கண்டவரின் தேதியிட்ட வாக்குமூலம். அதைத் தரக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறார்கள். பலர் எழுபதைக் கடந்தவர்கள். இந்த நகரத்தில் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, நோட்டரிகள் இருக்கிறார்கள், ஈழத் தமிழின் பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ளும் மாணவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். முகாமுக்குள் போக வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். வாக்குமூலம் தருபவரின் ஊரிலுள்ள உறவினருக்குத் தீங்கு நேராதபடி பெயரைக் காக்கவேண்டும். இரு தரப்புக் கொடுமையையும் கேட்டபடி எழுதவேண்டும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக்கொடுக்கும் முதல் மாணவருக்கு இவ்வுரைக்காக எனக்கு அறக்கட்டளையார் கொடுத்த சன்மானத் தொகையை அவ்வாக்குமூலங்களைத் திரட்டும் செலவுக்கென்று இன்றே சேர்ப்பித்துவிடுகிறேன்.